வென்றவரும் விழுந்தவரும்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ரசிகன் என்று சொல்லிக்கொள்பவனை நம் நாட்டில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். வயது குறைவாக இருந்தால், ஒருநாள் எங்கேயாவது போய் மோதிக்கொள்ளப் போகிறான் என்று பயப்படுவார்கள். தலை நரைத்திருந்தால், இந்த வயதில் இதெல்லாம் என்ன என்று சிரிப்பார்கள். நான் இரண்டாவது வகை. கிரிக்கெட் பற்றிப் பேசத் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஒரு இத்தாலிக்காரர் ஒரு ஸ்பெயின்காரரை எந்த வளைவில் எப்படி முந்தினார் என்று திங்கட்கிழமை காலையில் பேச ஆள் தேடினால் கிடைக்காது. இந்த வாரம் அந்தக் குறையை வாசகர்களிடமே தீர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பேச எடுத்துக்கொள்வது புதிய பந்தயம் அல்ல. 2023 செப்டம்பர் 24 அன்று, டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்க்யூட்டில் நடந்தது. மோட்டோஜிபி எனப்படும் உலக சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவு, 1000 சிசி வண்டிகள், இந்திய மண்ணில் ஓடிய முதல் பந்தயம் அது. 2024இலும் 2025இலும் அது திரும்பி வரவில்லை. ஆகவே நம் ரசிகர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததாகச் சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதன் பதிவை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் கண்ணில் படுகிறார்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஓரிரு விவரம். 2023 முதல் ஒவ்வொரு பந்தய வாரத்திலும் சனிக்கிழமை ஒரு சிறிய பந்தயம் உண்டு. அதற்கு ஸ்பிரின்ட் என்று பெயர். வென்றால் 12 புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பந்தயம். முதலிடத்துக்கு 25, இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 16 என்று இறங்கிக்கொண்டே போகும். ஆண்டு முழுவதும் சேரும் புள்ளிகளை வைத்து உலக சாம்பியன் யார் என்று முடிவாகும். நொய்டாவுக்கு வந்தபோது இத்தாலியின் பிரான்செஸ்கோ பன்யாயா முன்னணியில் இருந்தார். அவருக்கு 36 புள்ளிகள் பின்னால் ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின்.

பந்தயம் நடக்குமா என்பதே கடைசிவரை பேச்சாக இருந்தது. விசா தாமதத்தில் சிலர் வந்து சேரவே நேரமாகிவிட்டது. பாதையின் ஓரச் சுவர்கள் சில இடங்களில் மிக அருகில் இருப்பதாக ஓட்டுபவர்களே கவலைப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல் வெயில். செப்டம்பர் மாதத்துப் புழுக்கம் டெல்லிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். சும்மா நின்றாலே சட்டை நனையும். தலை முதல் கால் வரை தோல் உடை, அதற்குள் காற்றுப் பை, மேலே ஹெல்மெட், காலுக்குக் கீழே கொதிக்கும் எஞ்சின் என்று இருப்பவர்கள் பாடு என்ன? 24 சுற்று ஓட வேண்டிய பந்தயத்தை 21 சுற்றாகக் குறைத்தார்கள். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மொத்தம் சுமார் 104 கிலோமீட்டர்.

வென்றவர் மார்கோ பெஸ்ஸெக்கி. வாலென்டினோ ரோசியின் அணிக்காக ஓட்டிய இத்தாலிக்காரர். அவர் ஓட்டியது முந்தைய ஆண்டு டுகாட்டி. பன்யாயாவும் மார்ட்டினும் ஓட்டியது அந்த ஆண்டு டுகாட்டி. பழைய வண்டியில் வந்தவர் புதிய வண்டிக்காரர்களை எட்டரை விநாடிக்கும் அதிகமான இடைவெளியில் தோற்கடித்தார். எட்டரை விநாடி என்பது அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகும் நமக்கு ஒன்றுமில்லை. இந்தப் பந்தயத்தில் அது ஒரு யுகம். முதலாமவரும் இரண்டாமவரும் ஒரு விநாடிக்குள் வந்து சேர்வது இங்கே சர்வ சாதாரணம்.

ஆனால் முதல்முறை பார்த்தபோது பெஸ்ஸெக்கியை நான் அதிகம் பார்க்கவில்லை. காமிராவும் பார்க்கவில்லை. தனியாக முன்னால் போய்க்கொண்டிருப்பவரைக் காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் எழுந்து காபி போடப் போய்விடுவார். ரசிகர்களுக்குத் தெரிந்த இன்னொரு உண்மை உண்டு. முன்னால் தனியாகப் போவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பின்னால் வருபவர் முன்னவருடைய வண்டியின் சூட்டுக் காற்றிலேயே ஓட்டவேண்டும். அவருடைய முன் டயர் காய்ந்து, அதற்குள் காற்றழுத்தம் கூடி, வளைவில் பிடிமானம் குறையும். முன்னால் போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் யாரையும் பார்த்து ஓட்ட முடியாது. எங்கே பிரேக் பிடிப்பது, எவ்வளவு சாய்வது என்பதையெல்லாம் 21 சுற்றும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெஸ்ஸெக்கி எனக்கு உண்மையில் பிடித்துப்போனது சனிக்கிழமை ஓட்டத்துக்காக. அன்று அவர்தான் முதல் வரிசையில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து ஒருவர் வந்து மோதினார். மோதியவர் லூகா மரீனி. அதே அணி, அதே நிற வண்டி, அணி முதலாளி ரோசியின் தம்பி. மரீனிக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓட்ட முடியவில்லை. பெஸ்ஸெக்கி ஏறக்குறையக் கடைசிக்குத் தள்ளப்பட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராகக் கடந்து ஐந்தாவதாக வந்து முடித்தார். பரிசு மேடையில் ஐந்தாவது ஆளுக்கு இடம் கிடையாது. மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வரி இருந்தால் அதிகம். என் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை வெற்றி அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் இடத்தின் மறுபாதி.

இரண்டாவதாக வந்த மார்ட்டினைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சனிக்கிழமை ஸ்பிரின்டை வென்றவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் நடுவே அவருடைய தோல் உடையின் ஜிப் திறந்துகொண்டது. மணிக்கு 300 கிலோமீட்டருக்குமேல் போகும்போது நெஞ்சுப் பக்கம் உடை திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து ஆளைப் பின்னால் இழுக்கும். விழுந்தால் தரையில் உரசுவது தோல் உடை அல்ல, உடம்பு. மார்ட்டின் ஓட்டிக்கொண்டே அதைச் சரிசெய்துகொண்டார். நாம் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு கையால் சட்டைப் பட்டனைப் போடுவதே கஷ்டம்.

அதற்குமேல் வெயில். உடம்பில் தண்ணீர் வற்றிக் கடைசிச் சுற்றுகளில் அவர் தள்ளாடுவது தெரிந்தது. கடைசிச் சுற்றில் ஒரு வளைவில் அகலமாகப் போய்விட, பிரான்சின் ஃபாபியோ குவார்ட்டராரோ முந்திக்கொண்டார். மார்ட்டின் அங்கேயே திருப்பி முந்தினார். கோட்டைக் கடக்கும்போது இருவருக்கும் கால் விநாடி வித்தியாசம்கூட இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மருத்துவர்கள் வரவேண்டியிருந்தது.

அதைப் பார்த்தபோது கைதட்டவும் தோன்றியது, ஏன் இப்படி என்று கேட்கவும் தோன்றியது. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நான்கே புள்ளி. மயக்கம் வரும் நிலையில் ஒரு மனிதர் நான்கு புள்ளிக்காக வண்டியை மறுபடி உள்ளே நுழைக்கவேண்டுமா? அந்த ஆண்டு முடிவில் மார்ட்டின் 39 புள்ளியில் பட்டத்தை இழந்தார். நொய்டாவில் காப்பாற்றிய நான்கு புள்ளியால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் 2024இல் அவர் உலக சாம்பியன் ஆனது வெறும் 10 புள்ளி வித்தியாசத்தில். எந்த நான்கு புள்ளி பின்னால் உதவும் என்று ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா நான்கையும் அவர்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். ரேஷன் கடையில் சில்லறை எண்ணும் நம் அம்மாக்களுக்கு இது உடனே புரியும்.

மூன்றாவதாக வந்த குவார்ட்டராரோவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் 2021இன் உலக சாம்பியன். 2023இல் அவருடைய யமஹாவுக்கு நேர்ப்பாதையில் டுகாட்டியின் வேகம் கிடையாது. அந்த ஆண்டு முழுவதும் ஒரு பந்தயத்தைக்கூட அவர் வெல்லவில்லை. வளைவில் சம்பாதித்ததை நேர்ப்பாதையில் பறிகொடுப்பது, மறுபடி வளைவில் சம்பாதிப்பது, மறுபடி பறிகொடுப்பது. இப்படிப்பட்ட ஒரு வருஷத்தில் டெல்லி வெயிலில் 21 சுற்றும் அவர் ஒரு பெரிய தப்பும் செய்யவில்லை. இருவர் விழுந்தார்கள், ஒருவர் தள்ளாடினார். இவர் வந்து சேர்ந்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2021 ஜூனில் பார்சிலோனாவில் இதே குவார்ட்டராரோவுக்கு இதே ஜிப் திறந்துகொண்டது. நெஞ்சுக் கவசத்தையே எடுத்துத் தூக்கி எறிந்துவிட்டு, திறந்த மார்போடு ஓட்டி மூன்றாவதாக வந்தார். குறுக்கு வழியில் போனதற்கு மூன்று விநாடி, உடையைத் திறந்து வைத்து ஓட்டியதற்கு மூன்று விநாடி என்று தண்டனை கொடுத்து ஆறாம் இடத்துக்கு இறக்கினார்கள். நொய்டாவில் ஜிப் திறந்த இன்னொருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் ஓட்டியபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குக் கேட்க ஆசை.

இனி விழுந்தவர்கள். முதலில் பன்யாயா. இவர்மீது இந்திய ரசிகர்கள் சிலருக்குத் தனிப் பாசம் உண்டு. நம் மஹிந்திரா நிறுவனம் 2011 முதல் 2017 வரை உலகப் பந்தயங்களில் சிறிய வண்டிகளை இறக்கியது. அந்த நிறுவனத்துக்கு முதல் உலக வெற்றியை வாங்கிக்கொடுத்தவர் பன்யாயாதான். 2016 ஜூனில், நெதர்லாந்தின் ஆஸென் பாதையில், மோட்டோ3 பிரிவில். அப்போது அவருக்கு வயது 19. இந்தியப் பெயர் எழுதிய வண்டி முதலில் வந்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை.

நொய்டாவுக்கு வருவதற்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 3 அன்று, பார்சிலோனாவில் முதல் சுற்றிலேயே அவர் தூக்கி எறியப்பட்டார். பின்னால் வந்த வண்டி கால்மேல் ஏறிப் போனது. எலும்பு முறியாதது அதிசயம். ஒரே வாரத்தில் மிசானோவில் மறுபடி ஓட்டி மூன்றாவதாக வந்தார். நொய்டாவில் பெஸ்ஸெக்கியைப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. மார்ட்டினைப் பிடித்தார், முந்தினார், இரண்டாம் இடத்துக்கு வந்தார். சற்று நேரத்துக்கெல்லாம் முன் சக்கரம் வழுக்கித் தரையில் கிடந்தார். சனிக்கிழமை இரவு 33 புள்ளியாக இருந்த அவருடைய முன்னணி ஞாயிறு மாலை 13 ஆனது.

பன்யாயா விழுந்ததும் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். முன்னணியில் இருப்பவருக்கு மூன்றாம் இடம் போதாதா, எதற்கு அவசரம் என்று கேள்வி. இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. நான்கு புள்ளிக்காக மார்ட்டின் துணிந்தார், தேறினார். அதற்கு வீரம் என்று பெயர் வைத்தோம். அதே நான்கு புள்ளிக்காக பன்யாயா துணிந்தார், விழுந்தார். அதற்குப் பேராசை என்று பெயர். இருவரும் செய்த முடிவு ஒன்றுதான். கையகலம்கூட இல்லாத ஓர் இடத்தில் டயர் தரையைப் பற்றியதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கையகலத்தை வைத்து ஒரு மனிதரின் குணத்தையே நாம் எழுதிவிடுகிறோம். மாணவனுக்கு 35 வந்தால் கெட்டிக்காரன், 34 வந்தால் உருப்படாதவன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் வேறு இடங்களிலும் உண்டு. பன்யாயாவோ எழுந்து போனார். நவம்பரில் வலென்சியாவில் உலக சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

விழுந்த இன்னொருவர் மார்க் மார்க்கெஸ். அப்போதே எட்டு உலகப் பட்டங்கள் வாங்கியிருந்தவர். 2020இல் ஹெரஸில் வலது கை முறிந்து, அந்தக் கையில் நான்கு அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வெற்றிக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய ஹோண்டா அந்த ஆண்டு மிகவும் பின்தங்கிய வண்டி. அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மூன்றாவதாக வந்ததே பெரிய காரியம். ஞாயிறன்று ஆரம்பத்திலேயே விழுந்தார். எழுந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, மறுபடி ஏறி, பின்வரிசையிலிருந்து ஓட்டி ஒன்பதாவதாக முடித்தார். ஏழு புள்ளிகள்.

எட்டு உலகப் பட்டக்காரருக்கு ஏழு புள்ளி எதற்கு? அந்த ஆண்டு பட்டத்துக்கு அவர் போட்டியிலேயே இல்லை. பத்து நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, பதினோரு பருவம் ஓட்டிய ஹோண்டாவை விட்டு விலகுவதாக அறிவிப்பு வந்தது. அதாவது, விட்டுப்போகத் தீர்மானித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் வண்டியை, அந்த வெயிலில், ஒன்பதாம் இடத்துக்காகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். 2025இல் அவர் டுகாட்டியில் மறுபடி உலக சாம்பியன் ஆனபோது, ஆறு ஆண்டு காத்திருப்பு என்று எல்லாரும் எழுதினார்கள். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர் நொய்டாவின் ஒன்பதாம் இடத்தைப் பார்க்கலாம்.

எட்டாவதாக வந்தவர் ஸ்பெயினின் மாவெரிக் வின்யாலெஸ். எட்டாம் இடத்தை எந்த ரசிகரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் தேதி. 2021 செப்டம்பர் 25 அன்று ஹெரஸில் ஒரு சிறு வண்டிப் பந்தயத்தில் அவருடைய சித்தப்பா பெரியப்பா பிள்ளை முறையில் ஒரு தம்பி இறந்தான். வயது 15. நொய்டாவில் வின்யாலெஸ் ஓட்டியது அந்த நாளின் இரண்டாம் ஆண்டுக்கு முந்தைய நாள். அதே 2021இல் உலகப் பந்தய வட்டாரத்தில் 14 வயதுப் பையன் ஒருவனும் 19 வயது இளைஞர் ஒருவரும் இறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 2023 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

நமக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. நொய்டா பந்தயத்துக்கு ஏழு வாரம் முன்பு, 2023 ஆகஸ்ட் 5 அன்று, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்று நடந்துகொண்டிருந்தது. பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதியில் மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். இந்தியாவில் பைக் பந்தயம் வளர்ந்ததே தமிழ்நாட்டில்தான். சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளத்தில் ஆரம்பித்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. சென்னையின் எஸ். சரத்குமார் 2011இல் 125 சிசி உலகப் பந்தயத்தில் ஓட்டினார். அடுத்த ஒருவர் அங்கிருந்து வருவார் என்றுதான் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். அந்த ஆசையின் விலையாக ஒரு ஏழாம் வகுப்பு வயதுப் பையன் இருக்கக் கூடாது. உலக அமைப்பு வயதை உயர்த்தியது மூன்று சாவுகளுக்குப் பிறகு. எந்த வயதில் எவ்வளவு பெரிய வண்டி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் என்ற கேள்வியை இங்கே ரசிகர்களும் கேட்க வேண்டும். டிக்கெட் வாங்குபவர்கள், தொலைக்காட்சி பார்ப்பவர்கள் கேட்டால்தான் அது காதில் விழும்.

தொலைக்காட்சியில் ஒருவர் விழுந்தால் அந்தக் காட்சியை நான்கு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். நானும் பார்ப்பேன். ஆகஸ்ட் 5க்குப் பிறகு நான் பார்ப்பது வேறு ஒன்றை. விழுந்தவர் கால் அசைகிறதா, எழுந்து உட்காருகிறாரா என்று. பன்யாயா எழுந்தார், மார்க்கெஸ் எழுந்தார். தற்செயலாக நடந்ததல்ல அது. 2018 முதல் இந்தப் பந்தயங்களில் காற்றுப் பை வைத்த உடை கட்டாயம். விழுந்த வேகத்தை உறிஞ்சச் சரளைப் பரப்பு இருக்கும். கொடி காட்ட ஆள், தூக்கிச் செல்ல வண்டி, ஓடிவர மருத்துவர் இருப்பார்கள். இத்தனையும் செய்த பிறகுதான் பச்சை விளக்கு.

புத்தா சர்க்யூட்டின் ஓரமாக யமுனா எக்ஸ்பிரஸ்வே போகிறது. ஆக்ரா வரை 165 கிலோமீட்டர். அங்கே சரளைப் பரப்பு கிடையாது. பந்தயம் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் பெரிய பைக்குகளில்தான் வந்தார்கள், அந்தச் சாலையிலேயே திரும்பினார்கள். பந்தயம் முடிந்து வெளியே வரும் இளைஞனுக்கு வலது கை தானாக முறுக்கும். எனக்கும் அந்த வயது இருந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். ஹெல்மெட் போடாததால் இறந்தவர்களாகக் கணக்கில் வருபவர்கள் 50,029 பேர். முக்கால் மணிகூட ஓடாத அந்த நொய்டா பந்தயத்தின் நேரத்துக்குள், சராசரிக் கணக்கில், நாட்டில் எங்கோ ஐந்து பேர் இரு சக்கர வாகனத்தில் உயிர் விட்டிருப்பார்கள். அவர்களில் யாரும் உலகப் பட்டத்துக்காக ஓட்டவில்லை. பால் வாங்கவோ வேலைக்கோ போயிருப்பார்கள்.

இதற்கெல்லாம் பந்தயம்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழி விழுந்த சாலையும் தவறான திசையில் வரும் லாரியும் எந்தப் பந்தயத்தையும் பார்த்துக் கற்றுக்கொண்டவை அல்ல. ஆனால் ரசிகர்கள் எதை ரசிக்கிறார்கள் என்பதில் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. மணிக்கு 366 கிலோமீட்டர் என்று பிராட் பிண்டர் 2023இல் இத்தாலியில் தொட்ட வேகத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவரே நொய்டாவில் நான்காவதாக வந்தார் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. வேகமாகப் போவது எஞ்சின் செய்யும் வேலை. எங்கே நிறுத்துவது என்பது மனிதர் செய்யும் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் அதே கஜத்தில் பிரேக் பிடிக்கிறார்களே, அதைத்தான் நான் இப்போது பார்க்கிறேன். குவார்ட்டராரோ அன்று அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். என் பட்டியலில் அன்றைய முதல் இடம் அவருக்குத்தான். இரண்டாவது, சனிக்கிழமை ஐந்தாவதாக வந்த பெஸ்ஸெக்கிக்கு. மூன்றாவது, விழுந்து எழுந்து ஒன்பதாவதாக வந்த மார்க்கெஸுக்கு. உண்மையான பரிசு மேடைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ரசிகன் பட்டியலுக்குக் கோப்பையும் கிடையாது, தகராறும் கிடையாது.

மோட்டோஜிபி மறுபடி இந்தியாவுக்கு வருமா? இதே பாதையில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் கார்கள் ஓடின. பிறகு நின்றுபோயின. அது விளையாட்டா கேளிக்கையா, வரி போடலாமா கூடாதா என்று பெரிய வழக்கே நடந்தது. பைக்குகள் ஒரே முறை வந்து போயிருக்கின்றன. வந்தால் நல்லது. உலகத்திலேயே மிக அதிகமாக இரு சக்கர வாகனம் ஓட்டும் நாடுகளில் ஒன்றில், அதை மிக நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்கக் கிடைக்க வேண்டும். மறுபடி வந்தால், இந்த முறை டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன். பந்தயம் முடிந்ததும் மேடைப் பக்கம் போகாமல், வண்டிகள் எக்ஸ்பிரஸ்வேக்குத் திரும்பும் வாசலில் பத்து நிமிஷம் நிற்க ஆசை. வெளியே வருபவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட்டின் வாரை மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.